கன்னி ஆட்டிடம் போன்சாய் கற்பது எப்படி?

கோவில்பட்டியில் போன்சாய் வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லாமல் இருப்பது. சொன்னால் ஆளுக்கொரு தடை போடுவார்கள். வாஸ்து தெரிந்த சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. குட்டை மரம் வைத்தால் குடும்பம் தழைக்காது என்பார். ஆச்சி, ஆலும் அரசும் புளியும் வீட்டெல்லைக்குள் ஆகவே ஆகாது, புளியில் பேய் குடியிருக்கும் என்பாள். சித்தப்பாவை விட்டுவிடுங்கள்; வாஸ்துவோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. ஆச்சியைச் சமாளிக்கலாம். முக்கால் அடிப் புளியில் குடியிருக்கச் சம்மதிக்கிற பேய் என்ன உயரம் இருக்கும், அதைக் கண்டு பூனையாவது பயப்படுமா என்று கேளுங்கள். ஆச்சி யோசிக்கிற நேரத்துக்குள் தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட வேண்டும்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற மதினி. இந்தக் கலைக்கு உண்மையான எதிர்க்கட்சி அவர்தான். அவரிடம் பிறகு வருவோம்.

மரம் பொறுக்குவது

பணம் இருப்பவர்கள் நர்சரிக்குப் போவார்கள். அங்கே அடி பருத்து, தலையில் நாலு இலையோடு, பீங்கான் தொட்டியில் ஃபைகஸ் செடிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எல்லாம் ஒரே முகமாக இருக்கும். உங்கள் வீட்டு மரத்தைப் பக்கத்து வீட்டு மரத்தோடு மாற்றி வைத்தால் உங்களுக்கே தெரியாது.

ஜப்பானில் விஷயம் தெரிந்தவர்கள் மலைக்குப் போனார்கள். பாறை இடுக்கில், பனியிலும் காற்றிலும் அடிபட்டு, நூறு வருஷமாகியும் இடுப்புயரம் தாண்டாத மரங்களைத் தேடிப் பெயர்த்து வந்தார்கள். உலகம் வியக்கிற போன்சாய்களில் பல அப்படி வந்தவை. கரிசலில் அந்த மாதிரி மலைமுகடும் கிடையாது, பனியும் கிடையாது. ஆடு இருக்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக்கென்றே உள்ள இனம் கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. அது பின்னங்காலில் எழுந்து நின்று, உதட்டால் முள்ளை ஒதுக்கிவிட்டுக் கொழுந்தை மட்டும் நறுக்குகிற நேர்த்தியைக் கத்தரிக்கோல் பிடித்த எந்தக் கையிலும் பார்க்க முடியாது. நுனிக் கொழுந்தைக் கிள்ளினால் மரம் மேலே போகிற எண்ணத்தை விட்டுப் பக்கத்தில் கிளைக்கும். கிளைத்ததையும் கிள்ளினால் இன்னும் நெருங்கிக் கிளைக்கும், இலை சிறுக்கும். வருஷம் ஏற ஏறத் தண்டு மட்டும் பருக்கும். போன்சாய்ப் புத்தகங்கள் முந்நூறு பக்கத்தில் சொல்வது இதைத்தான். ஆடு புத்தகம் எழுதவில்லை. கொடி ஆடு இதில் வேறு பள்ளி. நெட்டைக் கால் என்பதால் மேல்கிளை அதன் பொறுப்பு.

ஓடைக்கரையில் நிற்கிற ஏதாவது ஒரு இலந்தையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்தால் அது வெறும் முள். உட்கார்ந்தால்தான் மரம் தெரியும். முழங்காலளவு உயரம், மணிக்கட்டுத் தடிமனில் அடித்தண்டு, பட்டை கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இலை சுண்டுவிரல் நகத்தளவு. திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்துப் பஞ்சு படிந்திருக்கும். வெளிச்சுற்றில் ஆடு கடித்த இடமெல்லாம் முண்டு முண்டாகக் காய்த்திருக்கும். உள்ளே போகப் போகக் குச்சியும் முள்ளும் பின்னி, ஆட்டு வாய் நுழைய முடியாத ஓர் அறை. அந்த அறைக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு குருத்து மட்டும் நேராக மேலே போய்க்கொண்டிருக்கும். புதர் அகலமாகி ஆடு எட்ட முடியாத தூரம் வந்ததும் மரம் எடுத்த முடிவு அது. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் அந்தக் குருத்துதான் மரம்; சுற்றியுள்ளதெல்லாம் அதற்குப் பாவாடை. நீங்கள் பிடுங்க வேண்டியது குருத்து கிளம்பாத இலந்தையை. கிளம்பியதை விட்டுவிடுங்கள், அது ஜெயித்துவிட்டது.

பிடுங்குவதற்கு முன்னால் புஞ்சைக்காரரைக் கேட்க வேண்டும். “அந்த முள்ளையா? தாராளமா எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. வடக்கே இன்னும் நாலு நிக்கி, அதையும் சேத்துத் தோண்டிருங்க” என்பார். இந்த இடத்தில் வாயைக் கட்டுவது முக்கியம். ‘அபூர்வமான மரம்’ என்று ஒரு வார்த்தை தப்பி விழுந்தாலும் முள்ளுக்கு விலை பிறந்துவிடும். குருமலைக் காட்டுப் பக்கம் மண்வெட்டியோடு போகக் கூடாது. அது வனத்துறை நிலம், அங்கே மரம் எடுப்பது ரசனையில் சேராது, வழக்கில் சேரும்.

ஆசைப்பட்டுத் தோண்டுவதற்கு அரசாங்கமே சம்மதிக்கிற மரம் ஒன்று உண்டென்றால் அது வேலிக்கருவேல் என்கிற சீமைக்கருவேலம்தான். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2017இல் கண்டிப்பாக நின்றது. அடிமரத்தை வெட்டி எறிந்தால் நாலு பக்கமும் துளிர்க்கும், வேரைக் கொத்தினால் வேரிலிருந்து துளிர்க்கும், மூட்டம் போட்டுக் கரியாக்கினால் மட்டும் சும்மா இருக்கும். போன்சாய் கற்கிறவருக்கு இதைவிடப் பொறுமையான மாணவன் கிடையாது. ஒரே குறை, காட்ட வருகிறவர்கள் முகத்தில் எரிச்சல் வரும். அகற்றச் சொன்னதை வீட்டுக்குள் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றுகிறாயா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பனை கேட்காதீர்கள். மாநில மரம் என்ற பற்றில் யாராவது ஒருவர் தொட்டிப் பனைக்கு ஆசைப்படுவார். பனைக்கு உயிர் ஒரே குருத்தில். அதைக் கிள்ளினால் கிளைக்காது, செத்துப்போகும். வேம்பும் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. இலைக்காம்பு நீளம், சிறுக்க வைப்பது பெரும்பாடு. புளி, இத்தி, ஆல், அரசு, விளா, கிளுவை, உடை இவை நம் வெயிலுக்கும் கத்தரிக்கும் தாங்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இலை சிறுக்கும், காய் சிறுக்காது. ஒரு அடிப் புளியில் தொங்கும் பழம் கடைப் புளியம்பழத்தின் நீளம்தான் இருக்கும். ஆச்சிக்கு அப்போதுதான் அந்த மரத்தின் மேல் மரியாதை வரும்.

உடைமரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடும் தொடாமல், ஆளும் தொடாமல், தானாகவே தட்டையான குடையாக விரிகிற வேல் இனம் அது. தென் மாவட்டங்களின் வறண்ட காட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் முழு மரமே போன்சாயாகத் தெரியும். அதைத் தொட்டியில் வைத்துப் பத்து வருஷம் கம்பி கட்டி நீங்கள் கொண்டுவரப்போகிற வடிவம், அது பிறந்த வடிவம். வேலை மிச்சம் என்று சந்தோஷப்படுவதா, உங்களுக்கு அங்கே வேலையில்லை என்று வருத்தப்படுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மண்

கரிசலைத் தொட்டியில் போடக் கூடாது. சொந்த மண்ணை இப்படிச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரிசல், ஈரம் கண்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் புஞ்சை வெடித்துக் கை நுழைகிற பிளவு விழுவதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டங்குலத் தொட்டியிலும் அதேதான் நடக்கும். மண் கட்டியாகச் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும், மெல்லிய வேர்கள் அறுபடும், ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடி அடித் துளையில் வெளியேறும். மேலே பார்த்தால் நனைந்திருக்கும். நடுவே வேர் காய்ந்து கிடக்கும். சுண்ணாம்புச் சத்து கூடின மண் என்பதால் இலை மஞ்சளாவது உபரி.

ஜப்பானியர் எரிமலைச் சாம்பல் மண்ணைக் குருணையாகச் சலித்துப் போடுகிறார்கள். நமக்குச் செங்கல் சல்லி போதும். உடைந்த நாட்டுச் செங்கலை இடித்துப் பருப்பளவுக்குச் சலித்து, கொஞ்சம் செவல் மண், கொஞ்சம் பெருமணல், மக்கின எரு. சல்லடையைச் சமையற்கட்டிலிருந்து எடுப்பீர்கள் என்று தெரியும். கழுவித் திரும்ப வைக்கவாவது செய்யுங்கள்.

இதே ஊரில் 1901ஆம் ஆண்டிலிருந்து ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. வருஷத்துக்கு எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழையில், இந்தக் கரிசலில், பருத்தியும் சோளமும் எப்படி நன்றாக விளைய வைப்பது என்று நூறு வருஷத்துக்கு மேலாக மூளையைக் கசக்குகிறார்கள். நீங்கள் அதே ஊரில் மரத்தை வளரவிடாமல் செய்வதற்குச் சந்தேகம் கேட்டு அவர்களிடம் போகாமல் இருப்பது நல்லது.

தண்ணீரும் மதினியும்

கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்து, தாமிரபரணியிலிருந்து, குழாயில் வருகிறது. நாட்கணக்கில் வராமல் இருந்து, வருகிற அன்றைக்குக் குடத்தை வரிசையில் போட்டு இடம் பிடித்து, ராத்திரி கண் விழித்துப் பிடித்த காலத்தை இந்த ஊர்ப் பெண்கள் மறக்கவில்லை. அந்த வீட்டு மாடியில் நீங்கள் ஒரு தட்டையான தொட்டியை வைக்கிறீர்கள். இரண்டங்குல மண்ணுக்கு ஈரத்தைத் தேக்கி வைக்கிற சக்தி கிடையாது. மாசியில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் நண்பகலிலும் ஒரு தரம். ஒருநாள் மறந்தால் பத்து வருஷ மரம் போய்விடும்.

மதினி மாடிப்படியில் நின்று கேட்பார்: “மனுசனுக்குக் குடிக்கத் தண்ணியக் காணோம். மரத்துக்கு மூணு வேளையா? அதுவும் வளரக் கூடாதுன்னு?”

இந்தக் கேள்விக்கு எந்த ஜப்பானிய நூலிலும் பதில் இல்லை. தேடிப் பார்க்க வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரை எனக்குக் கொடுங்கள் மதினி என்று பணிவாகக் கேட்டு, குண்டானோடு இறங்கிப் போவதுதான் வழி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பாதீர்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும், இலை ஓரம் கருகும். வீட்டில் ஏ.சி. இருந்தால் அதன் குழாயில் சொட்டுகிற தண்ணீர் உப்பில்லாத தண்ணீர், வாளி வையுங்கள். மொட்டைமாடித் தளத்தில் தொட்டியை நேராக வைத்தால் வேர் அவிந்துவிடும் என்பதால் பலகை போட்டு, அதன்மேல் நனைத்த சாக்கு போட்டு வையுங்கள்.

ஆலமரத்துக்கு விழுது வரவில்லையே என்று ஏங்குகிறவர்கள் உண்டு. விழுதுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். கரிசல் காற்றில் அது ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் விழுது கிளம்பும் இடத்தில் இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவைச் செருகி, நனைத்த தேங்காய் நார்த்தூளை அதற்குள் நிரப்பி, மண் வரைக்கும் இறக்கினால் விழுது அதற்குள் பத்திரமாக இறங்கி வரும். ஆல விழுதுக்கு ஸ்ட்ரா போட்டு வளர்க்கும் காலமும் வந்துவிட்டது.

உரம்

கடலைப் புண்ணாக்கு. கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

கம்பியும் கந்தகமும்

கிளையை வளைக்க அலுமினியக் கம்பியை இணையத்தில் விற்கிறார்கள். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் போய்ப் பழைய செம்புக் கம்பி கேட்டால் எடைக்குக் கிடைக்கும். தடிமனானதைத் தணலில் போட்டுச் சிவக்கவிட்டு எடுத்தால் கைக்கு இணங்கும். கட்டின பிறகு மறந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் இத்தியும் ஆலும் வேகமாகப் பருக்கும். கம்பி பட்டைக்குள் புதைந்தால் அந்தத் தழும்பு போகாது. விருந்தாளிகள் பாம்பு சுற்றிய மரமா என்று கேட்பார்கள்.

பெரிய மேதைகள் மரத்தின் ஒரு பகுதியைப் பட்டை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைப் பூசி, எலும்பு வெள்ளையாக வெளுக்க வைப்பார்கள். ஒரு பக்கம் செத்த மரம், மறுபக்கம் பச்சை. ஜப்பானில் மசாஹிகோ கிமுரா இந்த வேலைக்கு மின்ரம்பமே எடுத்து, பழைய ஆட்கள் வாயைப் பிளக்கிற உருவங்களைச் செதுக்கினார். நமக்குக் கந்தகத்துக்கு என்ன பஞ்சம். தீப்பெட்டித் தொழிலில் பிழைத்த ஊர். ஆனால் அந்தக் கரைசலை வீட்டில் காய்ச்சாதீர்கள். அழுகின முட்டை நாற்றத்தில் தெருவே கூடிவிடும், அதன் ஆவி உடம்புக்கும் கெடுதல். இன்னொரு சிக்கல்: அங்கே வெளுத்த ஜூனிபர் கட்டை நூற்றாண்டுகள் நிற்கிறது. நம் ஆலின் செத்த கட்டை இரண்டு மழைக்குத் தாங்காது. மிச்சத்தைப் பொங்கலுக்குள் கரையான் முடித்துவிடும். புளி, வேல் வகையின் வைரக்கட்டையில் மட்டும் முயன்று பாருங்கள்.

உருவம்

போன்சாயில் இத்தனை பாணி என்று இலக்கணம் உண்டு. காற்றில் ஒரே பக்கம் சாய்ந்த பாணிக்குக் கயத்தாறு போங்கள். ஆடிக் காற்றைப் பார்த்துத்தான் அங்கே மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையமே வந்தது. அங்கே திறந்த வெளியில் வைத்த எந்தச் செடிக்கும் கம்பி கட்ட வேண்டாம். ஆனி, ஆடி இரண்டு மாதம் போதும், கிழக்கு நோக்கிப் படுத்துவிடும்.

அருவியாகத் தொங்கும் பாணிக்குப் பாழுங்கிணறு. கமலை ஓடின காலத்துக் கிணறுகளில் காக்கை எச்சத்தில் விழுந்து முளைத்த அரசு, கற்களின் சந்தைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக வளர்ந்திருக்கும். பெயர்த்து எடுக்கக் கிணற்றில் இறங்குகிறவர் கயிறு கட்டி இறங்கட்டும். எட்டிப் பிடிக்கிறவர்களைப் பற்றிச் செய்தித்தாளில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பாணி, சீனத்துப் புலவர்களும் ஓவியர்களும் கொண்டாடியது. ஒல்லியான, கோணலான நெடுந்தண்டு, உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை, மற்றபடி ஒன்றுமில்லை. வசதி கிடையாது, திமிர் உண்டு. இதற்கு நம் பக்கம் மாதிரி தேடி அலைய வேண்டாம். இடைசெவல் என்கிற ஒரே ஊரிலிருந்து கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு பேர் சாகித்ய அகாதெமி வாங்கினார்கள். பிறகு பூமணி, சோ. தர்மன் என்று வரிசை நீண்டது. மழை குறைந்த மண்ணில் என்ன நன்றாக விளையும் என்று ஆராய்ச்சி நிலையத்தார் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

கற்பனையைக் காட்டத் துடிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. அமெரிக்காவில் நிக் லென்ஸ் என்பவர் பொம்மைப் பீரங்கி வண்டியின் மேல் வேர்கள் படர்ந்து அதை விழுங்குவதாக ஒரு மரத்தை வளர்த்தார். போர் முடிந்து காடு திரும்பி வந்த கதை அது, பார்த்தவர் மறக்கவில்லை. நமக்குப் பீரங்கி எதற்கு? மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிற ஆட்டுரல் எல்லா வீட்டிலும் உண்டு. அதன் குழியில் ஒரு இத்திக் கன்றை வையுங்கள். வேர்களை உரலின் நான்கு பக்கமும் இறக்கி, மண் அணைத்துச் சணல் சாக்கால் இறுக்கிக் கட்டி, இரண்டு மழைக்காலம் அவிழ்க்காமல் விடுங்கள். அவிழ்க்கும்போது வேர் கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும். இட்லிக்கு மாவரைத்த குழியில் மரம். கண்காட்சியில் வைத்தால் பரிசு நிச்சயம். தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கதை: இதுதான் முக்கியம்

மேலே சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தாலும் உங்கள் மரத்தை யாரும் நினைவில் வைக்கப்போவதில்லை. அதற்குக் கதை வேண்டும்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவுக்கு 1976இல் ஜப்பானியர் ஐம்பத்து மூன்று போன்சாய்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஹிரோஷிமாவைச் சேர்ந்த யமாகி குடும்பத்தின் வெள்ளைப் பைன் மரம். 1625ஆம் ஆண்டிலிருந்து தொட்டியில் இருப்பது. கொடுத்தவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கால் நூற்றாண்டு அது பத்தோடு பதினொன்றாக நின்றது. 2001இல் அவர் பேரன்கள் இருவர் அதைப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில், அவர்கள் தோட்டச் சுவரின் மறைவில், அந்த மரம் நின்றிருந்தது. விஷயம் தெரிந்த மறுநாளிலிருந்து அதே மரம் வேறு மரம். ஒரு இலை கூடவில்லை, ஒரு கிளை வளையவில்லை. இன்றைக்கு அந்தப் பூங்காவுக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அதே பூங்காவில் ஜான் நாகா செய்த ‘கோஷின்’ இருக்கிறது: ஒரே தட்டில் பதினொரு ஜூனிபர்கள், ஒரு குட்டிக் காடு. ஏன் பதினொன்று? அவருக்குப் பதினொரு பேரப் பிள்ளைகள். கேட்டதும் மரங்களை எண்ணத் தொடங்காதவர் கிடையாது. மைசூரு தத்த பீடத்து ஆசிரமத்தில் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம் என்றே பேர். குட்டையாக இருந்து உலகளந்த வாமனனைச் சொல்லி இது நம் நாட்டுக் கலைதான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வாதம் எப்படியோ போகட்டும், கதை எடுபடுகிறது.

கதை சொல்வதில் கரிசல்காட்டை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஆபத்தும் அங்கேதான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். உங்கள் தொட்டிப் புளியை அந்த மரத்தின் வாரிசு என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். முதலில் அது பொய். இரண்டாவது, கேட்கிறவர் அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால் மரத்துக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு, வருஷா வருஷம் உங்கள் மாடியில் கூட்டம் போடத் தொடங்கிவிடுவார். வயதையும் கூட்டாதீர்கள். தண்டைப் பார்த்ததும் அறுபது வருஷம் என்று அடித்துவிடுகிறவர்கள், நமக்கே நாற்பதுதானே ஆகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உண்மையான கதைகள் இங்கேயே கிடக்கின்றன. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாற்கரச் சாலை போட்டபோது பழைய சாலையோரத்துப் புளிகள் சாய்ந்தன. அந்தப் புளியைப் பொறுக்கிச் சப்பித் துப்பாதவர் இந்த வட்டாரத்தில் உண்டா? உங்கள் தோட்டத்தில் தானாக முளைத்த புளிக்கன்று அந்த மரங்களில் ஒன்றின் கொட்டை என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பம்பு செட்டோடு போய்ச் சேர்ந்த கிணற்றின் அரசு, மூடின தீப்பெட்டி ஆபீஸின் கூரைப் பிளவில் நின்ற ஆல், மூன்று வருஷம் மழை பொய்த்தபோதும் காயாத இலந்தை. ஒரு சீட்டில் எழுதித் தொட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஊரும் இடமும் வருஷமும் போதும்.

பார்க்க வருகிறவர்கள்

கேட்கப்போவது நாலே கேள்வி: என்ன வயசு, என்ன விலை, காய்க்குமா, அதுக்கு வலிக்காதா. நாலாவதை ஆச்சி வேறு விதமாகக் கேட்பாள்: “பிள்ளையைப் பட்டினி போட்டு வளத்த மாதிரில்ல இருக்கு.” இதற்கு மட்டும் நேரான பதில் சொல்லுங்கள். பட்டினி போட்டால் தொட்டி மரம் செத்துப்போகும். புஞ்சை மரத்துக்குக் கிடைக்காத கவனிப்பு அதற்குக் கிடைக்கிறது: வேளைக்குத் தண்ணீர், மாதத்துக்கு ஒரு தரம் புண்ணாக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வேர் கழித்துப் புது மண். பட்டினி கிடந்தது ஓடைக்கரையில் நின்ற காலத்தில். அங்கே அதைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை.

திருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் டோக்கியோவை அடுத்த சைத்தாமாவில் ஒரு தம்பதியின் தோட்டத்திலிருந்து ஏழு போன்சாய்கள் களவு போயின. ஒன்று நானூறு வருஷத்து ஜூனிபர். அவர்கள் திருடனைத் திட்டவில்லை. தயவுசெய்து தண்ணீர் ஊற்றுங்கள் என்று வேண்டி, எப்படிப் பராமரிக்க வேண்டும் என்றும் எழுதிப் போட்டார்கள். கோவில்பட்டியில் அந்தக் கவலை வேண்டாம். மாடியில் தொட்டியோடு சேர்த்துக் குடம் ஒன்றும் இருந்தால் திருடன் குடத்தைத்தான் எடுப்பான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஆர்வம் பலருக்கு இரண்டு கோடையில் தணிந்துவிடும். மகளுக்குக் கல்யாணம் வரும், வெளியூருக்கு மாற்றல் வரும், மதினி ஜெயித்துவிடுவார். அப்போது மரத்தை மாடியில் காயவிட்டுவிட்டுப் போகாதீர்கள். தொட்டி மரம் குட்டையாக இருப்பது தொட்டியால்தான். தரையில் இறக்கினால் ஆலும் அரசும் புளியும் மறுபடி முழு மரமாகும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்து கரிசல் ஊறின பிறகு, வீட்டுச் சுவரும் கிணறும் இல்லாத இடமாக, கண்மாய்க் கரையை ஒட்டி, வேர்ச்சுருளைப் பிரித்துவிட்டு நடுங்கள். ஆடு எட்டாதபடி சுற்றிலும் முள் வெட்டிக் கட்டுங்கள். முதல் கோடைக்கு மட்டும் வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்றினால் போதும்.